பூங்காவைப் பகலில் பூட்டி வைக்க யாருக்கு உரிமை?

கேட்டவர்: வேப்பமரத்தடி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் நகரில் இருக்கும் நகராட்சிப் பூங்கா பற்றி ஒரு சந்தேகம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

இடம் பெரிதில்லை, 30 சென்ட் இருக்கும். மனை போட்டபோது பூங்காவுக்கென்று விட்ட இடம். ரொம்ப வருடம் சீமைக்கருவேலமும் காலி பாட்டிலுமாகக் கிடந்து, அப்புறம் நகராட்சி காம்பவுண்டு எழுப்பி, நடைபாதை போட்டு, இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், நாலைந்து உடற்பயிற்சிக் கருவிகள் வைத்துத் திறந்தார்கள். நாலு வருடம் முன்பு பராமரிப்பை எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்திடம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து சாவியும் சங்கத்திடம்தான்.

சங்கத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. விளக்கு எரிகிறது, செடிக்குத் தண்ணீர் போகிறது, ராத்திரி குடிக்க வந்தவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள், இருட்டிய பிறகும் பெண்கள் நாங்கள் தைரியமாக நடக்கிறோம். இதெல்லாம் அவர்கள் பட்ட பாட்டில் வந்தது.

ஆனால் காலை 9 மணிக்குப் பூட்டினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கிறார்கள். கேட்டில் ஒரு தகரப் பலகை, அதில் 11 விதி. பந்து விளையாடக் கூடாது, சைக்கிள் கூடாது, சாப்பாடு கொண்டுவரக் கூடாது, 12 வயதுக்கு மேல் ஊஞ்சல் ஆடக் கூடாது, 6 மணிக்கு மேல் பிள்ளைகள் நடைபாதையில் ஓடக் கூடாது, வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்று போகிறது. கடைசியில் "இப்படிக்கு, நிர்வாகம்". எந்த நிர்வாகம் என்று இல்லை, தேதி இல்லை, தீர்மான எண் இல்லை.

நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். மிஷின் ஜன்னலோரம், பூங்கா கேட் நேரே தெரியும். போன மாதம் ஒரு மதியம், எங்கள் தெருவெல்லாம் கூட்டும் தூய்மைப் பணியாளர் அக்காமார் மூன்று பேர் கேட்டுக்கு வெளியே காம்பவுண்டை ஒட்டி உட்கார்ந்தார்கள். உச்சி வெயில் நேரத்தில் அந்தச் சுவருக்கு ஒரு முழம் நிழல்தான் விழும். காலை மடக்கி அந்த ஒரு முழத்துக்குள் வைத்துக்கொண்டு தூக்குவாளியைத் திறந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்துக்குக் கீழே 6 சிமென்ட் பெஞ்சு காலியாகக் கிடக்கிறது. அந்தப் பூங்காவைக் காலையில் பெருக்குவதே அவர்கள்தான். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது "உள்ளே உட்காரலாமே அக்கா" என்றேன். "பூட்டிடுவாங்கம்மா, நமக்கு எதுக்கு வம்பு" என்றார் மூத்தவர். அன்றைக்கு அதற்கப்புறம் எனக்கு வேலை ஓடவில்லை.

சங்கச் செயலாளரிடம் போய்ப் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார். பகலில் திறந்தால் ஜோடிகள் வந்து உட்கார்ந்துவிடும், காவலுக்கு ஆள் போட முடியாது, வீட்டுக்கு மாதம் 100 ரூபாய் போட்டுப் பார்த்துக்கொள்வது நாங்கள், அப்படியிருக்க விதி போடும் உரிமை எங்களுக்கு இல்லையா என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

உண்மையில் அந்த உரிமை அவர்களுக்கு உண்டா? நகராட்சிப் பூங்காவுக்கு விதி போடுவது யார்? யாரிடம், எப்படிக் கேட்க வேண்டும்? சண்டை போடாமல் கேட்க வழி இருந்தால் இன்னும் நல்லது. இதே தெருவில்தான் நான் குடியிருந்தாக வேண்டும்.

பழைய மேற்பார்வையாளர்

அம்மா, வணக்கம். நான் வேறு மாவட்டத்தில் உள்ளாட்சிப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். பூங்கா ஒப்படைப்புக் கோப்புகள் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த இடம் யாருடையது என்பதில் தெளிவாக இருங்கள். மனைப்பிரிவு போடுகிறவர் பொது உபயோகத்துக்கு விட வேண்டிய நிலத்தைத் தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இப்போது நடப்பில் இருக்கும் 2019-ஆம் வருட ஒருங்கிணைந்த கட்டட விதிகளில், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் சாலை போக மிச்சத்தில் 10 சதவீதம் நிலமாகவே தந்தாக வேண்டும், பணம் கட்டித் தப்பிக்க முடியாது. ஓ.எஸ்.ஆர். நிலம் என்று ஆபீசில் சொல்வது இதைத்தான். உங்கள் மனை விலையில் அந்தப் பூங்காவின் விலையும் சேர்ந்துதான் இருக்கிறது என்று சங்கத்தார் சொல்லக்கூடும். ஆனால் பத்திரம் உள்ளாட்சியின் பேரில் பதிவான நாளிலிருந்து அது பொதுச் சொத்து. அந்த நகரில் மனை வாங்காதவருக்கும் அதில் அதே பாத்தியதை உண்டு. ஆகவே "வெளியாட்களுக்கு அனுமதி இல்லை" என்ற வரிக்கு அடிப்படையே கிடையாது.

அடுத்தது, பராமரிப்பு யார் பொறுப்பு. அரசியல் சாசனத்தின் 12-ஆவது அட்டவணையில் நகர உள்ளாட்சிகளின் வேலைகள் 18 எழுதியிருக்கிறது. பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் 12-ஆவது. நம் மாநிலத்தில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புக்கென்றே 1959-இல் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் எல்லையிலுள்ள பூங்காக்களுக்குப் பட்டியல் வைக்க வேண்டும், பட்டியலில் வந்த இடத்தை முன் அனுமதி இல்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். சங்கத்திடம் கொடுப்பது அந்தப் பொறுப்பில் ஒரு பகுதியைத்தான். கூட்டுவது, தண்ணீர் விடுவது, கேட்டைத் திறந்து மூடுவது. திறக்கும் நேரம், கட்டணம், யார் வரலாம் யார் வரக் கூடாது என்பதெல்லாம் நகராட்சி மன்றம் தீர்மானிக்க வேண்டியவை.

பூங்கா நிலத்தின் விஷயத்தில் நீதிமன்றம் எவ்வளவு கண்டிப்பாக இருந்திருக்கிறது என்பதற்கு 1991-ஆம் வருட உச்சநீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை மருத்துவமனை கட்ட ஒரு தனியார் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். அங்கே குடியிருந்த மக்கள் வழக்குப் போட்டார்கள். மருத்துவமனையும் நல்ல காரியம்தானே என்ற வாதம் எடுபடவில்லை, ஒதுக்கீடு ரத்தானது. மக்கள் மூச்சுவிட விட்ட இடத்தைத் தனியாருக்கு மாற்றும் அதிகாரம் யாருக்கும் இல்லை என்றாகிவிட்டது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. சங்கத்துக்கும் நகராட்சிக்கும் இடையில் ஒப்பந்தம் ஒன்று இருக்கும், இல்லையென்றால் மன்றத் தீர்மானமாவது இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் அதன் நகலைக் கேளுங்கள். வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரி போட்டு, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் பூட்டுகிறார்கள்" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. தகவலாகக் கேளுங்கள்: ஒப்பந்த நகல், அதன் காலம் எதுவரை, பூங்கா திறந்திருக்கும் நேரம் குறித்த மன்றத் தீர்மானத்தின் நகல், பலகையில் உள்ள விதிகளை அங்கீகரித்த ஆணையின் நகல், தானப்பத்திரத்தின் நகல். அப்படி ஒரு ஆணையே இல்லையென்றால் "இல்லை" என்று எழுத்தில் வரும். அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு பிறகு பேசலாம்.

குளத்தோரம்

நான் வேறு ஊரில் ஒரு சங்கத்தின் பொருளாளர். அந்தச் செயலாளர் பேசுவதும் எனக்குப் புரிகிறது. அதனால் இந்தப் பக்கத்தையும் கேளுங்கள்.

பூங்கா நடத்துவது என்றால் என்ன என்று வெளியிலிருந்து தெரியாது. மோட்டார் காயில் போகும். குழாய்த் திருகை யாராவது கழற்றிக்கொண்டு போவார்கள். ஊஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கிலியை மேலே மாட்டியிருக்கும் எஸ் வடிவக் கொக்கி இருக்கிறதே, அது ஆட ஆட இரும்பும் இரும்பும் உரசித் தேயும். கீழே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. எங்கள் பூங்காவில் ஒரு நாள் பெயின்டர் ஏணி போட்டு ஏறியபோதுதான் பார்த்தார், விரல் தடிமன் இருந்த கொக்கி உட்பக்கம் பென்சில் அளவுக்கு இளைத்திருந்தது. அன்று மாலைகூட இரண்டு பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து ஆடியிருப்பார்கள். நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அதிலிருந்து மாதம் ஒரு தடவை ஏணி போட்டு நானே ஏறிப் பார்க்கிறேன், கிரீஸ் வைக்கிறேன். ஊஞ்சலுக்கு அடியில் சிமென்ட் தளம் இருந்தால் உடைத்துவிட்டு ஆற்று மணல் ஒரு அடி ஆழத்துக்காவது போடச் சொல்லுங்கள். 12 வயது என்று வயசு வரம்பு போடுவதைவிட இது முக்கியம்.

நாங்களும் பகலில் பூட்டித்தான் வைத்திருந்தோம், இதே காரணம்தான். மாற்றியது எப்படி என்றால், எங்கள் பூங்காவுக்கு எதிரே இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் ஒருநாள் என்னிடம், "சார், மத்தியானம் திறந்து விடுங்க, நான் பார்த்துக்கிறேன், எனக்கும் பெட்டிக்குப் பக்கத்துல நின்னு நின்னு தலை சுத்துது" என்றார். சோதனையாக ஒரு மாதம் திறந்தோம். யார் வந்தார்கள் தெரியுமா? சாப்பாடு டெலிவரி செய்யும் பையன்கள் அடுத்த ஆர்டர் வரும்வரை உட்கார்ந்தார்கள். பக்கத்து வங்கிக்கு பென்ஷன் விஷயமாக வந்த பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நாலு பெண்கள் தினமும் ஒரே பெஞ்சில். காலியாக இருந்த இடத்தில் ஆள் வந்ததும் வம்பு செய்கிறவர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. ஜோடிகளும் வந்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள். அதில் குற்றம் என்ன இருக்கிறது என்று எங்கள் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து கேட்டார், யாரும் பதில் சொல்லவில்லை.

உங்கள் செயலாளரைப் பகைக்காதீர்கள். காவலாள் சம்பளம்தான் அவருக்குக் கவலை என்றால் அதற்கு ஒரு வழி யோசித்துக்கொண்டு போய்ப் பேசுங்கள்.

கப்பன் சாலை

பெங்களூரிலிருந்து எழுதுகிறேன். இங்கேயும் மதியத்தில் சில மணி நேரம் பூங்காக்களை மூடுவது வழக்கமாக இருந்தது. 2024-இல் காலை 5 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும் என்று அறிவித்தார்கள். அதே வருடம் அக்டோபரில் இந்திராநகர்ப் பூங்கா ஒன்றின் பலகைப் படம் இணையமெங்கும் சுற்றியது. ஓடக் கூடாது, கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராக நடக்கக் கூடாது என்று அதில் இருந்தது. பூங்காவில் ஓடாமல் வேறு எங்கே ஓடுவது என்று ஊரே கேட்டது. பலகை எழுதுகிறவர்கள் எப்போதும் காலையில் நடக்க வருகிறவர்களாகவே இருக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். பிள்ளைகளைக் கேட்டு யாரும் பலகை எழுதுவதில்லை.

சக்கரம்

என் மகளுக்கு 9 வயது, சக்கர நாற்காலியில் இருக்கிறாள். பூட்டு பற்றிப் பேசுகிறீர்கள், எங்களுக்குத் திறந்த பூங்காவும் பூட்டிய மாதிரிதான். பைக் உள்ளே வந்துவிடக் கூடாது என்று வாசலில் வளைத்து வளைத்து ஒரு கம்பி வைத்திருப்பார்களே, ஒரு ஆள் உடம்பைத் திருப்பிக்கொண்டு நுழைகிற மாதிரி, அதில் சக்கர நாற்காலி நுழையவே நுழையாது. தள்ளுவண்டியில் கைக்குழந்தை கொண்டுவரும் அம்மாக்களுக்கும் அதே கதி. போன ஞாயிறு நான் அவளைத் தூக்கிக்கொண்டு நின்றேன், யாரோ ஒருவர் நாற்காலியை மடக்கிக் கம்பிக்கு மேலே தூக்கிக் கொடுத்தார். அவள் உள்ளே போனதும் "அப்பா, நாம திரும்பிப் போகலாம்" என்றாள்.

2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்கள் எல்லாவற்றிலும் தடையின்றி வந்துபோக வழி இருக்க வேண்டும் என்கிறது. 90 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் போதும், நாற்காலி போய்விடும், பைக் வேண்டாம் என்றால் நடுவில் கல் நட்டுக்கொள்ளலாம். உங்கள் மனுவில் இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்வீர்களா?

வேப்பமரத்தடி

அண்ணா, கட்டாயம் சேர்க்கிறேன். எங்கள் கேட்டிலும் அதே வளைந்த கம்பிதான். இத்தனை நாள் தினமும் அதில்தான் நுழைந்து போகிறேன், யாருக்கெல்லாம் இது தடையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

பொருளாளர் ஐயா, எங்கள் ஊஞ்சலுக்கு அடியில் சிமென்ட்தான். நாளைக்கே கொக்கியைப் பார்க்கச் சொல்கிறேன்.

மேற்பார்வையாளர் ஐயாவிடம் இன்னும் இரண்டு சந்தேகம். காலை 5 மணிக்கு உடற்பயிற்சிக் குழு ஒன்று ஸ்பீக்கர் வைத்துப் பாட்டு போடுகிறார்கள், எதிர்வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பெண் இருக்கிறாள். இதைக் கேட்க முடியுமா? அப்புறம் சறுக்குமரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் தினமும் தெருநாய்களுக்குச் சோறு வைக்கிறார். நல்ல மனுஷர்தான், ஆனால் பிள்ளைகள் பயப்படுகிறார்கள்.

பழைய மேற்பார்வையாளர்

ஸ்பீக்கர் விஷயம் எளிது. 2000-ஆம் வருட ஒலி மாசு விதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று இருக்கிறது. 5 மணி அதற்குள் வருகிறது. 6 மணிக்கு மேலும் குடியிருப்புப் பகுதியில் 55 டெசிபல்தான் வரம்பு, அது ஏறக்குறைய சாதாரணமாகப் பேசும் சத்தத்தின் அளவுதான். பாட்டில்லாமல் பயிற்சி செய்யட்டும், யாரும் தடுக்கப் போவதில்லை. முதலில் நேரில் சொல்லுங்கள், அந்தப் பெண்ணின் பரீட்சையைச் சொன்னாலே பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

நாய்களுக்குச் சோறு போடுவதைப் பற்றி 2023-ஆம் வருட விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. இடம் குறித்துத் தர வேண்டும், அந்த இடம் பிள்ளைகள் விளையாடும் இடம், வாசல், படிக்கட்டு இவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் வார்டு வாரியாக உணவிடும் இடங்களை உள்ளாட்சிகள் ஒதுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆகவே அவரை விரட்டவும் வேண்டாம், சறுக்குமரத்துக்குப் பக்கத்தில் விடவும் வேண்டாம். வார்டு உறுப்பினரிடம் சொல்லி ஒரு மூலை குறித்து வாங்குங்கள்.

இலைமக்கு

யாரும் மரங்களைப் பற்றிப் பேசவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். பூங்காவை அழகுபடுத்துகிறோம் என்று இன்டர்லாக் கல்லை மரத்தின் அடிவரை நெருக்கிப் பதித்துவிடுகிறார்கள். பத்துப் பதினைந்து வருட வேம்புக்கு மழைத்தண்ணீர் இறங்க ஒரு சாண் மண்கூட இல்லை. வேர் மேலே கிளம்பிக் கல்லைத் தூக்கும், "மரம் தளத்தைக் கெடுக்கிறது" என்று வெட்ட மனு போடுவார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு சிமென்டை எடுக்கச் சொன்னது. அது அந்த நகரத்துக்குச் சொன்னதுதான், ஆனால் வேப்பமரம் எங்கேயும் வேப்பமரம்தானே.

இன்னொன்று, சருகு எரிப்பு. காலையில் கூட்டி மூலையில் கொளுத்திவிடுகிறார்கள், நடக்க வருகிறவர்கள் அந்தப் புகையைத்தான் இழுக்கிறார்கள். பூங்காவின் இலைதழைகளை முடிந்தவரை அங்கேயே உரமாக்க வேண்டும் என்று 2016-ஆம் வருடத் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். செலவும் இல்லை. 6 அடிக்கு 4 அடி, மூன்றடி உயரத்துக்குச் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி ஒரு தொட்டி, அதில் சருகு ஒரு அடுக்கு, சாணிக்கரைசல் தெளிப்பு, மறுபடி சருகு. காயாமல் பார்த்துக்கொண்டால் வேப்பிலை, புங்க இலையெல்லாம் மூன்று நாலு மாதத்தில் கையில் எடுத்தால் டீத்தூள் மாதிரி உதிரும். வாதாம் இலை தடிமன், அதைத் தனியாகப் போடுங்கள், அது லேசில் மக்காது.

தேக்கா

சிங்கப்பூரில் 18 வருடமாக இருக்கிறேன். இங்கே விதி அதிகம் என்று எல்லோருக்கும் தெரியும். புறாவுக்கும் குரங்குக்கும் தீனி போட்டால் வனவிலங்குச் சட்டத்தில் முதல் தடவையே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் வரலாம். 2022 ஜூலை 1 முதல் பொதுப் பூங்கா எல்லாவற்றிலும் புகைபிடிக்கத் தடை. நாயைக் கயிறில்லாமல் விட அதற்கென்று வேலி போட்ட இடம் தனியாக இருக்கும்.

ஆனால் பகலில் பூட்டிய பூங்கா ஒன்றை நான் இங்கே பார்த்ததில்லை. ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு விடிகாலையில் பூங்காவில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போயிருக்கிறேன், யாரும் எழுப்பியதில்லை. கரி அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடக்கூட இடம் கட்டி வைத்திருக்கிறார்கள், முன்பதிவு செய்துகொண்டால் போதும். அக்கா எழுதிய அந்த மூன்று பேரைப் படித்தபோது, ஊரில் என் அம்மா கட்டட வேலைக்குப் போய் லாரி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டது நினைவுக்கு வந்தது. விடாதீர்கள் அக்கா.

வேப்பமரத்தடி (6 வாரம் கழித்து)

என்ன ஆயிற்று என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். தாமதத்துக்கு மன்னிக்கவும், முகூர்த்த மாதம், தையல் குவிந்துவிட்டது.

தகவல் மனுவுக்கு 27-ஆம் நாள் பதில் வந்தது. ஒப்பந்தம் மூன்று பக்கம். கூட்டிப் பெருக்குவது, நீர் பாய்ச்சுவது, மின்கட்டணத்தை நகராட்சி கட்டுவது, கட்டணம் வசூலிக்கக் கூடாது, கட்டடம் எழுப்பக் கூடாது என்று எல்லாம் இருக்கிறது. நேரம் பற்றி ஒரு வரியும் இல்லை. பலகை விதிகளுக்கு "இவ்வலுவலகத்தில் ஆணை ஏதும் பிறப்பிக்கப்படவில்லை" என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். அதைவிட முக்கியமாக, ஒப்பந்தக் காலம் மூன்று வருடம்தான். போன வருடமே முடிந்துவிட்டது. சங்கத்துக்கே அது தெரியவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு நேரே செயலாளர் வீட்டுக்குத்தான் போனேன். பொருளாளர் ஐயா சொன்னது மனதில் இருந்தது. ஒப்பந்தம் முடிந்ததைப் பார்த்ததும் அவருக்குத்தான் பெரிய அதிர்ச்சி, இத்தனை நாளில் யாருக்காவது அடிபட்டிருந்தால் பொறுப்பு யார் என்று கேட்டார். அப்புறம் இரண்டு பேருமாகச் சேர்ந்தே மனு எழுதினோம். வார்டில் பகுதி சபா கூட்டம் நடந்தபோது அதைக் கொடுத்தோம். (2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தில் மாநிலம் முழுக்கத் தொடங்கிய கூட்டம் இது. நான் போனது இதுதான் முதல் தடவை. இத்தனை பேர் பேச விடுவார்கள் என்று நினைக்கவில்லை, நீங்களும் உங்கள் வார்டில் விசாரியுங்கள்.) அந்த அக்காமாரில் மூத்தவரைக் கூட்டிப்போயிருந்தேன். அவர் பேச மாட்டேன் என்றுதான் வந்தார். கடைசியில் எழுந்து, "உள்ளே பெருக்குறோம், சாப்பிட மட்டும் வெளியே போகணுமாம்மா" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். வார்டு உறுப்பினர் பதில் பேசாமல் மனுவில் கையெழுத்துப் போட்டார்.

இப்போதைக்கு மன்றத் தீர்மானம் வரும்வரை காலை 5 முதல் இரவு 8.30 வரை பூட்டுவதில்லை. பகலுக்குக் காவலாள் இல்லை. என் மிஷின் ஜன்னலோரம்தானே இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பலகையைக் கழற்றிவிட்டார்கள், புதிதாக எழுதுவதற்கு முன் பிள்ளைகளில் இரண்டு பேரைக் கூட்டத்துக்கு அழைப்பதாகச் செயலாளரே சொன்னார். ஸ்பீக்கர்காரர்கள் 6 மணிக்கு மாறிக்கொண்டார்கள். ஊஞ்சல் கொக்கி இரண்டு தேய்ந்துதான் இருந்தது, மாற்றியாயிற்று, மணல் இன்னும் வரவில்லை. நாய்ச்சோறு பின்பக்க மூலைக்குப் போயிருக்கிறது. அந்த ஐயாவுக்கு முதலில் கொஞ்சம் வருத்தம், இப்போது பரவாயில்லை.

வாசல் கம்பியை மாற்ற மதிப்பீடு போட வேண்டும் என்கிறார்கள், அதற்குத்தான் இழுத்தடிக்கிறார்கள். சக்கரம் அண்ணா, உங்கள் வரியைத் தனி மனுவாகவே போட்டிருக்கிறேன். நேற்று இன்ச் டேப்பால் நானே அளந்தேன், இடைவெளி 48 சென்டிமீட்டர்தான் இருக்கிறது. அளவு போட்டு, போட்டோவுடன் திங்கட்கிழமை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.